உலகுக்கு ஓர் அரசு வேண்டும்!



பொது அறிவுப் போட்டிகளில் எங்களிடம் தவறாமல் கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு. "ஐக்கிய நாடுகள் சபையில் எத்தனை நாடுகள் உறுப்பினராக உள்ளன?" என்பதே அது. 193 என்று எழுதி ஒரு மதிப்பெண் பெற்றுக்கொள்கிறோம். அந்த 193 நாடுகளும் சேர்ந்து வாழும் இவ்வுலகை யார் ஆளுகிறார்கள் என்று எவரும் எங்களைக் கேட்டதில்லை. கேட்டால் எழுதுவதற்கு விடையும் இல்லை!

ஒரு தெருவில் நூறு வீடுகள் இருப்பதாகக் கொள்வோம். ஒவ்வொரு வீட்டுக்கும் சுவர் உண்டு, கதவு உண்டு, தலைவர் உண்டு. அது முறையே. ஆயினும் தெருவிளக்கையும் சாக்கடையையும் குடிநீர்க் குழாயையும் பார்த்துக்கொள்ள ஊருக்குப் பொதுவாக ஒரு பஞ்சாயத்து வேண்டுமன்றோ? அது இல்லையேல் வலுத்தவன் வீட்டு வாசலில் மட்டுமே விளக்கு எரியும். நமது உலகம் 193 வீடுகள் கொண்ட தெரு. அதற்குக் கூட்டம் போடும் இடம் உண்டு, பஞ்சாயத்து இல்லை. மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட, மக்களுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்ட, அளவான அதிகாரம் கொண்ட உலக அரசு ஒன்று அமைய வேண்டும் என்பது எங்கள் வகுப்பின் உறுதியான கருத்து. அது ஏன் வேண்டும், எப்படி வேண்டும் என்பதை இங்கே எடுத்துரைக்க விரும்புகிறோம்.

அலைக்கு எல்லை தெரியுமா?

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு மறுநாள். நம் நேரப்படி காலை ஆறரை மணி அளவில் இந்தோனேசியாவின் சுமத்ராத் தீவுக்கு அருகே கடலடியில் நிலம் நடுங்கியது. அலைகள் நம் கரையை அடைய ஏறக்குறைய இரண்டரை மணி நேரம் ஆயிற்று. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்திற்கும் மேற்பட்டோர் மாண்டனர். வேளாங்கண்ணிக்குத் திருயாத்திரை வந்தவர்களும் அவர்களுள் அடங்குவர். பதினான்கு நாடுகளில் இரண்டு இலட்சத்திற்கும் மேற்பட்ட உயிர்கள் பலியாயின.

அந்த இரண்டரை மணி நேரத்தில் நில நடுக்கத்தைப் பற்றி உலகில் எவருக்குமே தெரியாதா? தெரியும். ஹவாய்த் தீவில் உள்ள பசிபிக் கடல் எச்சரிக்கை நிலையம் கால் மணி நேரத்திற்குள் செய்தி வெளியிட்டது. ஆனால் அந்நிலையம் பசிபிக் கடலைச் சுற்றியுள்ள நாடுகளுக்காக அமைந்தது. இந்தியப் பெருங்கடலுக்கு அத்தகைய அமைப்பு அன்று இல்லை. கடற்கரையில் நின்ற மீனவப் பெண்ணுக்குச் சொல்ல வேண்டியது எவருடைய கடமையாகவும் இருக்கவில்லை. அறிவு இருந்தது, கருவி இருந்தது, நேரமும் இருந்தது. பொறுப்பு மட்டும் இல்லை!

அதன் பின்னர் அமைப்பு வந்தது உண்மை. ஐ.நா.வின் யுனெஸ்கோ நிறுவனம் ஒருங்கிணைக்க, இந்தியாவும் இந்தோனேசியாவும் ஆஸ்திரேலியாவும் 2011இல் இந்தியப் பெருங்கடல் முழுவதற்கும் எச்சரிக்கை வழங்கும் பணியை ஏற்றன. இன்று ஐதராபாத் நிலையம் அப்பணியைச் சிறப்பாகச் செய்கிறது. "உலக அரசு இல்லாமலேயே இது நடந்துவிட்டதே!" என்று சிலர் கூறலாம். நடந்தது; எப்போது நடந்தது? இரண்டு இலட்சம் பேரைப் புதைத்த பிறகு நடந்தது. நாடுகள் மனமுவந்து கூடும் வரை காத்திருந்தால், கூடுவதற்கு முன் செலுத்த வேண்டிய விலை இது.

நோயைப் பாருங்கள். கொரோனா பரவிய ஆண்டில் நாங்கள் வீட்டில் அடைபட்டிருந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. 2020ஆம் ஆண்டு டிசம்பரில் தடுப்பூசி போடும் பணி தொடங்கியது. அடுத்த மாதம், 2021 ஜனவரி 18 அன்று, உலக சுகாதார நிறுவனத்தின் தலைமை இயக்குநர் டெட்ரோஸ் ஒரு கணக்கை வெளியிட்டார். வருவாய் மிகுந்த 49 நாடுகளில் அதற்குள் 3 கோடியே 90 இலட்சம் ஊசிகள் போடப்பட்டிருந்தன. மிகவும் வறிய நாடு ஒன்றில் போடப்பட்டவை 25. ஆம், இருபத்தைந்தே ஊசிகள்! செல்வ நாட்டின் இளைஞனுக்கு முன்பாக ஏழை நாட்டின் செவிலிக்குக் கொடுங்கள் என்று அந்நிறுவனத்தால் வேண்டிக்கொள்ள முடிந்தது, ஆணையிட முடியவில்லை. ஏனெனில் அதற்கு அந்த அதிகாரம் இல்லை.

காற்றைப் பாருங்கள். 2015ஆம் ஆண்டு டிசம்பர் 12 அன்று பாரிஸ் நகரில் வெப்பநிலை உயர்வைக் கட்டுப்படுத்த உடன்படிக்கை ஏற்பட்டது. அதன்படி ஒவ்வொரு நாடும் தன் இலக்கைத் தானே வகுத்துக்கொள்ளும். தவறினால் தண்டனை இல்லை. விலகவும் தடையில்லை. அமெரிக்கா 2020இல் விலகியது, 2021இல் திரும்பியது, 2025இல் மீண்டும் விலகுவதாக அறிவித்தது. வினாத்தாளைத் தானே எழுதி, விடைத்தாளையும் தானே திருத்திக்கொள்ளும் தேர்வை நம் தலைமையாசிரியை ஒப்புவாரா?

ஐ.நா. சபை போதாதா?

இக்கேள்வியை எங்கள் பெற்றோர் பலர் கேட்டனர். ஐ.நா. சபையைக் குறைத்துப் பேசுவது எங்கள் நோக்கமன்று. 1945ஆம் ஆண்டு ஜூன் 26 அன்று சான்பிரான்சிஸ்கோவில் அதன் சாசனம் கையொப்பமானது. இந்தியாவின் சார்பில் ஒப்பமிட்டவர்களுள் ஒருவர் சென்னையில் கல்வி பயின்ற சர் ஏ. இராமசாமி முதலியார். அனைத்து நாடுகளின் பிரதிநிதிகளிடையே ஒப்பமிட்ட பெண்கள் நால்வரே. 1948இல் மனித உரிமைப் பிரகடனம் உருவானபோது, "ஆண்கள் எல்லாரும்" என்று பொருள்படக்கூடிய ஆங்கிலச் சொல்லை மாற்றி "மனிதப் பிறவிகள் எல்லாரும்" என்று எழுத வைத்தவர் நம் நாட்டு ஹன்சா மேத்தா. 1953இல் பொதுச் சபையின் தலைமைப் பீடத்தில் அமர்ந்த முதற் பெண்மணி நம் விஜயலட்சுமி பண்டிட். 2007இல் ஐ.நா. அமைதிப் பணிக்காக லைபீரியா சென்ற முதல் மகளிர் காவற்படை இந்தியப் படையே. பெரியம்மை நோய் ஒழிந்ததை 1980ஆம் ஆண்டு மே மாதம் உலக சுகாதாரப் பேரவை அறிவித்தது. இத்தனை பெருமைகளும் அச்சபைக்கு உண்டு.

ஆயினும் குறைகள் அடித்தளத்திலேயே உள்ளன.

முதலாவது, தடுப்பாணை அதிகாரம். போரையும் அமைதியையும் பற்றிக் கட்டுப்படுத்தும் முடிவெடுக்கவல்லது பாதுகாப்புச் சபை. அதில் அமெரிக்கா, ரஷ்யா, சீனா, பிரிட்டன், பிரான்சு ஆகிய ஐந்து நாடுகளுள் ஒன்று "வேண்டாம்" என்றால் தீர்மானம் வீழ்ந்துவிடும். 2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைன் மீது படையெடுத்தது. அதைக் கண்டிக்கும் தீர்மானத்தை ரஷ்யாவே தன் ஒற்றை வாக்கால் வீழ்த்தியது. 2023 டிசம்பரில் காசாவில் போர்நிறுத்தம் கோரிய தீர்மானத்தை அமெரிக்கா வீழ்த்தியது. சில நாட்களில் பொதுச் சபையில் 153 நாடுகள் போர்நிறுத்தம் வேண்டும் என்று வாக்களித்தன; எதிர்த்தவை 10. ஆனால் பொதுச் சபையின் தீர்மானம் யாரையும் கட்டுப்படுத்தாது. குற்றம் சாட்டப்பட்டவரும் அவருடைய நண்பரும் நீதிபதி நாற்காலியில் அமர்ந்திருந்தால் தீர்ப்பு எப்படி இருக்கும்? 54 நாடுகள் கொண்ட ஆப்பிரிக்கக் கண்டத்திற்கு அங்கே நிரந்தர இடம் ஒன்றுகூட இல்லை என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

இரண்டாவது, அங்கே மக்கள் இல்லை. அரசாங்கங்கள் மட்டுமே உள்ளன. ஏறத்தாழ பதினோராயிரம் பேர் வாழும் துவாலுத் தீவுக்கும் பொதுச் சபையில் ஒரு வாக்கு. 140 கோடி மக்கள் வாழும் இந்தியாவுக்கும் ஒரு வாக்கு. அந்த வாக்கையும் அளிப்பவர் அரசாங்கம் அனுப்பிய தூதர். நீங்களோ நாங்களோ தேர்ந்தெடுத்து அனுப்பிய ஒருவர்கூட அந்த மாளிகையில் இல்லை.

மூன்றாவது, நீதிமன்றம். நெதர்லாந்தின் ஹேக் நகரில் 15 நீதிபதிகள் கொண்ட உலக நீதிமன்றம் உள்ளது. ஒரு நாடு மற்றொரு நாட்டின் மீது அங்கே வழக்குத் தொடர வேண்டுமாயின் எதிராளி நாடும் அம்மன்றத்தின் அதிகாரத்தை ஏற்றிருக்க வேண்டும். சம்மதம் கேட்டுத் திருடனைக் கூண்டில் ஏற்றும் நீதிமன்றம் எந்த ஊரிலாவது உண்டா?

நான்காவது, பணம். 2024ஆம் ஆண்டில் உலக நாடுகள் இராணுவத்துக்குச் செலவிட்ட தொகை ஏறக்குறைய 2 இலட்சத்து 71 ஆயிரம் கோடி டாலர் என்று ஸ்டாக்ஹோம் ஆய்வு நிறுவனம் கணக்கிட்டுள்ளது. அதே ஆண்டில் ஐ.நா.வின் வழக்கமான வரவு செலவுத் திட்டம் சுமார் 359 கோடி டாலர். ஒன்று மற்றொன்றைப்போல் எழுநூறு மடங்குக்கும் அதிகம்! உலகின் ஒன்பது நாடுகளிடம் ஏறத்தாழ 12,000 அணு குண்டுகள் உள்ளன. அடுப்புக்கு ஒரு ரூபாயும் அரிவாளுக்கு எழுநூறு ரூபாயும் செலவிடும் குடும்பத்தை நாம் என்னவென்று சொல்வோம்?

நாங்கள் கேட்கும் அரசு எது?

"உலக அரசு" என்றதும், ஒரே கொடி, ஒரே மொழி, ஒரே சர்வாதிகாரி என்று எண்ணி அஞ்ச வேண்டாம். நாங்கள் கேட்பது கூட்டாட்சி. அதன் இலக்கணம் எளிது. மூன்று உறுப்புகள் வேண்டும். மக்கள் நேரடியாக வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் உலக நாடாளுமன்றம் ஒன்று. அதற்குப் பதில் சொல்லும் நிர்வாகக் குழு ஒன்று. இவ்விரண்டையும் தட்டிக் கேட்கும் உரிமை பெற்ற நீதிமன்றம் ஒன்று.

அதன் அதிகாரம் எங்கே தொடங்கி எங்கே முடிய வேண்டும்? எந்த நாடும் தனித்துச் செய்ய இயலாதவை மட்டும் அதனிடம் இருக்கட்டும். போர்த் தடுப்பு, அணு ஆயுதக் கட்டுப்பாடு, கொள்ளை நோய், வளிமண்டலம், ஆழ்கடல் ஆகிய இவை போதும். எங்கள் பாடத்திட்டத்தையும், கோவில் திருவிழாவையும், ஊர்க்குளத்தையும் பற்றி உலக அரசு பேச வேண்டிய அவசியமே இல்லை. ஊர் செய்யக்கூடியதை ஊரும், மாநிலம் செய்யக்கூடியதை மாநிலமும், நாடு செய்யக்கூடியதை நாடும் செய்யட்டும்.

இம்முறை நமக்குப் புதியதன்று. 1947இல் விடுதலை பெற்றபோது இந்நாட்டில் 550க்கும் மேற்பட்ட சமஸ்தானங்கள் இருந்தன. இத்தனை மொழிகளும் மதங்களும் கொண்ட நாடு ஒரே குடியரசாக நிலைக்காது என்று அயல்நாட்டு அறிஞர் பலர் கூறினர். அரசியலமைப்பை எழுதியவர்கள் மத்திய அரசுக்கு ஒரு பட்டியல், மாநிலங்களுக்கு ஒரு பட்டியல், இரண்டுக்கும் பொதுவான ஒரு பட்டியல் என்று அதிகாரத்தைப் பிரித்து வைத்தனர். 1951-52இல் நடந்த முதல் பொதுத்தேர்தலில் ஆண்களும் பெண்களுமாக 17 கோடிக்கும் மேற்பட்டோர் வாக்குரிமை பெற்றிருந்தனர். பெரும்பாலோர்க்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆயினும் வாக்களித்தனர், இன்றும் வாக்களிக்கிறோம்.

காவிரியை எடுத்துக்கொள்வோம். நமக்கும் கர்நாடகத்துக்கும் இடையே நீர்ப் பங்கீட்டில் நெடுங்காலப் பிணக்கு உண்டு. 1990இல் நடுவர் மன்றம் அமைந்தது. 1991இல் கலவரமும் மூண்டது. 2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம், தமிழ்நாட்டுக்கு ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. நீர் விட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. இரு மாநிலத்தாருக்கும் மனக்குறை இன்னும் தீரவில்லை. மழை பொய்த்த ஆண்டுகளில் சண்டை மீண்டும் எழுகிறது. ஆனால் இத்தனை ஆண்டுகளில் இரு மாநிலங்களும் படை திரட்டியதில்லை, வழக்கறிஞர்களைத்தான் திரட்டின. ஏன்? இரண்டுக்கும் மேலாக ஒரு சட்டமும் ஒரு நீதிமன்றமும் இருப்பதால்தான். கூட்டாட்சி பிணக்கை ஒழித்துவிடாது. பிணக்கைப் போர்க்களத்திலிருந்து நீதிமன்றத்துக்கு மாற்றிவிடும். அது சிறிய காரியமா?

ஐரோப்பாவையும் பாருங்கள். பிரான்சும் ஜெர்மனியும் 1870, 1914, 1939 ஆகிய மூன்று ஆண்டுகளில் மூன்று போர்களைத் தொடங்கிக் கோடிக்கணக்கான உயிர்களை அழித்தன. 1950இல் நிலக்கரியையும் எஃகையும் பொதுவாக நிர்வகிப்போம் என்று பேச்சுத் தொடங்கினர். முதலில் நாடாளுமன்ற உறுப்பினர்களே பிரதிநிதிகளாகக் கூடிய ஒரு சிறு பேரவை 1952இல் அமைந்தது. 1979இல் ஒன்பது நாடுகளின் மக்கள் நேரடியாக வாக்களித்து ஐரோப்பிய நாடாளுமன்றத்தைத் தேர்ந்தெடுத்தனர். அதன் முதல் தலைவராக அமர்ந்தவர் சிமோன் வேய் என்னும் பிரெஞ்சுப் பெண்மணி. 1944இல் அவரை நாஜிகள் பிடித்து அவுஷ்விட்ஸ் வதைமுகாமுக்கு அனுப்பியபோது அவருக்கு வயது பதினாறு. எங்கள் வயது! தாய், தந்தை, தமையன் மூவரையும் அவர் இழந்தார். அந்தப் பெண்தான் முப்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின், ஜெர்மானியரும் பிரெஞ்சுக்காரரும் அருகருகே அமர்ந்த அவைக்குத் தலைமை தாங்கினார். பகை நிரந்தரம் என்று சொல்வோர் இந்த ஒரு வாழ்க்கையை எண்ணிப் பார்க்கட்டும்.

இது நேற்றைய கனவன்று

உலக அரசுக்காகவே அமைக்கப்பட்ட முதல் இயக்கத்தை 1937இல் தொடங்கியவர்கள் இரு பெண்கள் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? ஒருவர் ஹங்கேரியில் பிறந்த ரோசிகா ஷ்விம்மர். மற்றவர் அமெரிக்கரான லோலா மேவரிக் லாயிட். ஷ்விம்மர் அம்மையார் அமெரிக்கக் குடியுரிமைக்கு விண்ணப்பித்தார். "நாட்டைக் காக்க ஆயுதம் ஏந்துவீரா?" என்பது விண்ணப்பத்தில் ஒரு கேள்வி. "ஏந்தமாட்டேன்" என்றார். ஐம்பது வயதைக் கடந்த பெண்ணை எந்தப் படையும் அழைக்கப் போவதில்லை. ஆயினும் 1929இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அவருக்குக் குடியுரிமை மறுத்தது. 1948இல் எந்த நாட்டின் குடிமகளாகவும் இல்லாமலே அவர் இறந்தார். நாடு இல்லாதவருக்கு உலகில் இடமே இல்லை என்னும் கொடுமையை அனுபவித்துக்கொண்டே அவர் உலகக் குடியுரிமைக்காகப் பாடுபட்டார்.

நம் விடுதலைப் போராட்டத்திலும் இக்குரல் ஒலித்தது. 1942 ஆகஸ்டு 8 அன்று பம்பாயில் நிறைவேறிய "வெள்ளையனே வெளியேறு" தீர்மானத்தை நாம் அறிவோம். வருங்கால உலக அமைதிக்குச் சுதந்திர நாடுகளின் உலகக் கூட்டாட்சி தேவை என்றும், விடுதலை பெற்ற இந்தியா அதில் மகிழ்ச்சியுடன் சேரும் என்றும் அதே தீர்மானம் கூறியது. அடிமைப்பட்டுக் கிடந்த நாட்டவர், தம் விடுதலையைக் கேட்ட அதே மூச்சில் உலக ஒற்றுமையையும் கேட்டனர்!

திருச்சபையும் இது பற்றிப் பேசியுள்ளது. 1962 அக்டோபரில் கியூபா விவகாரத்தால் உலகம் அணுப்போரின் விளிம்புக்குச் சென்று மீண்டது. அடுத்த ஆண்டு, 1963 ஏப்ரல் 11 அன்று, பாப்பரசர் இருபத்துமூன்றாம் அருளப்பர் உலக அமைதி பற்றிய தம் சுற்றுமடலை வெளியிட்டார். உலகம் முழுவதன் பொது நன்மையைக் காக்க உலகளாவிய பொது அதிகாரம் தேவை என்றும், அது பலவந்தத்தால் திணிக்கப்படாமல் எல்லா நாடுகளின் இசைவால் அமைய வேண்டும் என்றும், தனி நாடுகளின் பணியை அது பறித்துக்கொள்ளலாகாது என்றும் அதில் எழுதினார். இரண்டு மாதங்களுக்குள் அவர் இறைவனடி சேர்ந்தார். 2009இல் பாப்பரசர் பதினாறாம் ஆசீர்வாதப்பரும், 2020இல் பாப்பரசர் பிரான்சிசும் தத்தம் சுற்றுமடல்களில் இக்கருத்தை மீண்டும் எடுத்துரைத்தனர். எல்லா ஊரையும் தம் ஊராகவும் எல்லாரையும் உறவாகவும் கண்ட கணியன் பூங்குன்றனாரை இப்பள்ளியில் எல்லாச் சமயத்துத் தோழியரும் படிக்கிறோம். மேடையில் முழங்குவதோடு நிறுத்தாமல் அதைச் சட்டமாக்கிப் பார்க்கலாமே என்பதுதான் எங்கள் விண்ணப்பம்.

ஐயங்களும் விடைகளும்

இக்கட்டுரைக்காக வகுப்பில் விவாதித்தபோது எழுந்த எதிர்ப்புகளை மறைக்காமல் எழுதுகிறோம்.

"உலக அரசே கொடுங்கோல் ஆகிவிட்டால் எங்கே ஓடுவது?" இது நியாயமான அச்சம். ஆகையால்தான் அதிகாரம் சில துறைகளோடு நிற்க வேண்டும், தேர்தல் வேண்டும், நீதிமன்றம் வேண்டும், விலக வழி வேண்டும் என்கிறோம். பிரிட்டன் 2020இல் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகியது. ஒரு துப்பாக்கிகூட வெடிக்கவில்லை. மேலும், யாரும் தேர்ந்தெடுக்காத ஐந்து நாடுகளின் தடுப்பாணை இன்றும் நம்மை ஆள்கிறது. அதைக் கண்டு ஏன் நாம் அஞ்சுவதில்லை?

"நம் மொழி அழிந்துபோகாதா?" இக்கேள்வியைத் தமிழ்நாட்டார் கேட்பதில் வியப்பில்லை. 1965இல் மொழிக்காக மாணவர்கள் போராடி உயிர் நீத்த மண் இது. மத்திய அரசு எல்லை மீறலாம் என்பதற்கு அது சான்று. மக்கள் எதிர்த்தால் அதைச் சட்டத்தின் வழியே தடுக்கலாம் என்பதற்கும் அதுவே சான்று. 1967இல் ஆட்சிமொழிச் சட்டம் திருத்தப்பட்டு ஆங்கிலம் தொடர வழி பிறந்தது. மொழியும் பண்பாடும் உலக அரசின் பட்டியலில் இடம்பெறவே கூடாது என்று சாசனத்திலேயே எழுதிவிட வேண்டும்.

"மக்கட்தொகையில் பெரிய இந்தியாவும் சீனாவும் எல்லாரையும் ஆட்டிப்படைக்காவா?" ஐரோப்பிய நாடாளுமன்றம் இதற்கு வழி காட்டுகிறது. ஜெர்மனிக்கு 96 இடங்கள். சின்னஞ்சிறு மால்டாவுக்கு 6. பெரிய நாட்டுக்கு இடங்கள் அதிகம். ஆனால் சிறிய நாட்டுக்கு அதன் அளவைக் காட்டிலும் கூடுதலான குரல்.

"வாக்குரிமையே இல்லாத நாட்டு மக்கள் எப்படிப் பிரதிநிதியை அனுப்புவார்கள்?" இதுவே எல்லாவற்றிலும் கடினமான கேள்வி. விரும்பும் மக்களாட்சி நாடுகள் முதலில் தொடங்கட்டும். கதவு திறந்தே இருக்கட்டும் என்பதே எங்கள் விடை. கிரீசும் ஸ்பெயினும் போர்ச்சுகலும் சர்வாதிகாரம் நீங்கிய பின்னரே ஐரோப்பியக் கூட்டமைப்பில் இடம்பெற்றன. உள்ளே வர வேண்டும் என்ற ஆசையே அங்கெல்லாம் மக்களாட்சிக்கு உரமாயிற்று.

"வல்லரசுகள் ஒருநாளும் ஒப்பாதே!" எல்லாரும் ஒப்பும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. போர்க் குற்றவாளிகளை விசாரிக்கும் சர்வதேச குற்றவியல் நீதிமன்றம் 2002இல் உருவானபோது அமெரிக்காவும் ரஷ்யாவும் சீனாவும் சேரவில்லை. நம் இந்தியாவும் இன்றுவரை சேரவில்லை. ஆயினும் நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளோடு அது இயங்குகிறது. வல்லரசுகள் ஒப்பியதும் உண்டு. ஓசோன் படலத்தில் துளை விழுந்ததை 1985இல் விஞ்ஞானிகள் அறிவித்தனர். 1987இல் மாண்ட்ரியல் உடன்படிக்கை பிறந்தது. பின்னர் உலக நாடுகள் அனைத்தும் அதில் ஒப்பமிட்டன. ஏழை நாடுகளுக்கு உதவப் பொது நிதி அமைந்தது. நச்சு வாயுக்களைக் குறைக்கும் அட்டவணையை மூன்றில் இரு பங்கு வாக்கால் திருத்தி எல்லாரையும் கட்டுப்படுத்தலாம் என்ற விதியும் அதில் உள்ளது. இன்று ஓசோன் படலம் மெல்ல மெல்ல ஆறி வருகிறது. பெரும்பான்மை வாக்கால் உலகச் சட்டம் ஒன்றை மாற்றலாம் என்பதை அரசுகள் ஒருமுறை ஏற்றுக்கொண்டுவிட்டன. மற்றொரு முறை ஏன் ஏற்கக் கூடாது?

நம்மால் ஆவது என்ன?

ஒரே நாளில் மாளிகை எழாது. முதற்கல் எதுவென்று அறிஞர் பலர் கூறியுள்ளனர். நாடுகளின் நாடாளுமன்ற உறுப்பினர்கள் கூடும் பேரவை ஒன்றை ஐ.நா.வுக்குள் அமைக்க வேண்டும் என்ற இயக்கம் 2007 முதல் நடைபெறுகிறது. ஐ.நா.வின் முன்னாள் பொதுச் செயலாளர் பூத்ரோஸ் காலி அதை ஆதரித்தார். சாசனத்தின் 22ஆம் பிரிவின்படி பொதுச் சபையே துணை அமைப்புகளை ஏற்படுத்தலாம். அதற்கு எவருடைய தடுப்பாணையும் குறுக்கே நிற்காது. முதலில் ஆலோசனை கூறும் பேரவை. பின்னர் மக்கள் தேர்ந்தெடுக்கும் மன்றம். ஐரோப்பாவில் இந்த இரண்டாம் படியை எட்ட 27 ஆண்டுகள் ஆயின. உலகுக்கு இன்னும் நீண்ட காலம் ஆகலாம். அதனால்தான் இன்றே தொடங்க வேண்டும்.

பெற்றோர்களே! நம் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினர் வாக்குக் கேட்டு வரும்போது சாலையையும் குடிநீரையும் கேளுங்கள், அதோடு, "இப்படிப்பட்ட பேரவை அமைய இந்தியா குரல் கொடுக்குமா?" என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள். அருட்சகோதரியரே! அக்டோபர் 24ஆம் நாள் ஐ.நா. தினத்தில் கொடிகளுக்கு வண்ணம் தீட்டுவதோடு நிறுத்தாமல், நாங்கள் நாடுகளாகப் பிரிந்து அமர்ந்து வாதாடவும் வாக்களிக்கவும் ஒரு பிற்பகல் நேரம் கொடுங்கள். தோழியரே! செய்தித்தாளில் அயல்நாட்டுப் பக்கத்தைப் புரட்டிவிடாமல் படியுங்கள். சூடானில் பசித்திருக்கும் பெண்ணும், உக்ரைனில் பதுங்கு குழியில் படிக்கும் பெண்ணும், காசாவில் பள்ளியை இழந்த பெண்ணும் நம் வகுப்பில் ஒரு பெஞ்சில் அமர வேண்டியவர்களே.

எங்களுள் பலர் இன்னும் ஓரிரு ஆண்டுகளில் வாக்காளர் ஆவோம். உள்ளாட்சிக்கு ஒரு வாக்கு, சட்டமன்றத்துக்கு ஒரு வாக்கு, நாடாளுமன்றத்துக்கு ஒரு வாக்கு என்று மூன்று வாக்குகள் நமக்குக் கிடைக்கும். நம் பாட்டிமாரின் பாட்டிமாருக்கு இவற்றுள் ஒன்றுகூட இல்லை. பெண்ணுக்கு வாக்கா என்று அன்று சிரித்தவர்கள் உண்டு. சிரித்தவர்கள் போய்விட்டார்கள், வாக்கு வந்துவிட்டது. உலகத்துக்கென்று நான்காவது வாக்கு ஒன்று எங்கள் காலத்தில் கிடைக்காமற் போகலாம். எங்கள் பிள்ளைகளின் கைக்காவது அது கிடைக்க வேண்டும். அதற்காகக் குரல் எழுப்ப நாங்கள் ஆயத்தம். நீங்களும் வாரீர்!

- பன்னிரண்டாம் வகுப்பு மாணவியர்